3 மைக்ரான் சானலுக்குள்ள போனதும் ஃப்ரெட் விகிதம் இறங்குது. இது நிஜமாவே பிகேஏ தானா?

பெட்ரித்தட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி ரெண்டாம் வருஷத்துல இருக்கேன். மார்பகப் புற்றுநோய் செல்கள் இடுக்கான இடத்துல நுழையும்போது உள்ளே சிக்னல் எப்படி மாறுதுன்னு பார்க்கறதுதான் என் வேலை. செல் வகை எம்டிஏ-எம்பி-231. பிடிஎம்எஸ்ங்கற சிலிக்கோன் ரப்பர்ல சானல் வார்த்திருக்கேன். உயரம் 10 மைக்ரான், நீளம் 200 மைக்ரான், அகலம் மட்டும் 3, 6, 10, 50 மைக்ரான்னு மாறும். ஒரு முனையில செல், மறுமுனையில சீரம் கலந்த மீடியம்.

செல்லுக்குள்ள ஏகார் சென்சார் இருக்கு. இந்தத் துறையில இல்லாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். புரோட்டீன் கைனேஸ் ஏ, அதாவது பிகேஏ, இந்த சென்சார்ல ஒரு பாஸ்பேட்டை ஒட்டினா சென்சார் மடங்கும். அதோட ஒரு முனையில இருக்கற நீல ஒளிர்புரதமான சிஎஃப்பியும், இன்னொரு முனையில இருக்கற மஞ்சள் ஒளிர்புரதமான ஒய்எஃப்பியும் நெருங்கி வரும். நீலம் வாங்கின சக்தி மஞ்சளுக்குத் தாவும். அதுதான் ஃப்ரெட். மஞ்சளை நீலத்தால வகுத்து வர்ற விகிதம் ஏறினா பிகேஏ வேலை செய்யுதுன்னு எடுத்துக்கறோம்.

50 மைக்ரான் சானல்ல விகிதம் பெரிசா அசையலை. 3 மைக்ரான்ல செல் தலையை நுழைச்சதும் இறங்க ஆரம்பிக்குது, கரு உள்ளே வரும்போது இன்னும் இறங்குது, மறுபக்கம் வெளியே வந்ததும் பாதி அளவுக்கு மீளுது. 2016ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கான்ஸ்டான்டோபவுலோஸ் குழு செல் ரிப்போர்ட்ஸ்ல எழுதினதும் இதே திசைதான்: இடுக்குல போனா பிகேஏ அடங்குது. அதனால எங்க கைடு "சேம் ரிசல்ட், எழுத ஆரம்பி"ங்கறார்.

எனக்கு மனசு ஒப்பலை. அந்த இடத்துல செல் நசுங்குது, நீளுது, தண்ணியை இழக்குது, உருவமே மாறிப்போகுது. இவ்வளவும் நடக்கும்போது அந்த ஒரு விகிதம் மட்டும் பிகேஏவுக்கு மட்டுமே பதில் சொல்லுதுன்னு எப்படி நம்பறது? என்னென்ன கன்ட்ரோல் வைக்கணும்? செல் சவ்வுல இருக்கற, இழுபட்டா திறக்கற பியேசோ-1ங்கற அயனிச் சானலையும் சோதிச்சே ஆகணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


அச்சுவேலை எழுதியது:

சானல் செய்யறவன் பக்கத்துல இருந்து மட்டும் சொல்றேன். உயிரியலை மத்தவங்க பார்த்துக்குவாங்க.

அந்த 3 மைக்ரான் நிஜமாவே 3 மைக்ரானான்னு அளந்தீங்களா? மாஸ்க்ல, அதாவது வடிவம் வரைஞ்ச தகட்டுல, இருக்கற அகலம் எஸ்யு-8ங்கற ஒளியில இறுகற பிசின் அச்சுல அப்படியே வராது. சுவர் செங்குத்தா நிக்காம மேலே ஒரு அகலமும் கீழே ஒரு அகலமுமா வர்றது சகஜம். வார்த்த பிடிஎம்எஸ்ஸை பிளேடால குறுக்க அறுத்து மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாருங்க. ஒளிரும் டெக்ஸ்ட்ரான் கரைசலை சானல்ல விட்டு கான்ஃபோகல்ல அடுக்கடுக்கா படம் எடுத்தாலும் தெரிஞ்சிடும்.

ஆவியாதலையும் கவனிங்க. பிடிஎம்எஸ் வழியா நீராவி தாராளமா வெளியே போகும். சின்ன ரிசர்வாயரை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க டைம்-லாப்ஸ் ஓட்டினா மீடியத்துல உப்பு அடர்த்தி ஏறும். வழக்கமான மீடியம் கிலோவுக்கு 290 மில்லிஆஸ்மால் பக்கத்துல இருக்கும். அது ஏறினா செல் தண்ணியை விட்டுச் சுருங்கும். நீங்க அதை இடுக்கோட விளைவுன்னு நினைச்சுப்பீங்க. சோதனை ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரிசர்வாயர்ல இருந்து கொஞ்சம் எடுத்து ஆஸ்மோமீட்டர்ல பாருங்க. டிவைஸை முந்தின நாளே தண்ணியில ஊறப் போட்டு வச்சாலே நிறைய சரியாகும். ஸ்டேஜ் மேல இருக்கற இன்குபேட்டர்ல ஈரப்பதம் குறையாம பார்த்துக்கணும்.

அப்புறம் பின்னணி ஒளி. அதைக் கழிக்கும்போது செல்லுக்குப் பக்கத்துல இருக்கற பிடிஎம்எஸ் மேல இருந்து எடுக்காதீங்க. அதே அகலத்துல செல் நுழையாத காலி சானல்ல இருந்து எடுங்க. சுவரோட ஒளிவிலகல் எண் 1.41 பக்கம், மீடியத்துக்கு 1.33. ஓரத்துல வெளிச்சம் வளையும். 50 மைக்ரான் சானல்ல ஓரம் ஒரு பொருட்டே இல்லை. 3 மைக்ரான்ல எல்லாமே ஓரம்தான்.


பழைய_ஆய்வுக்காரி எழுதியது:

பெட்ரித்தட்டு, உங்க சந்தேகம் சரியான இடத்துல விழுந்திருக்கு. எழுதறதை நிறுத்தி வைங்க. நான் பல வருஷம் வேற ஒரு கைனேஸ் சென்சாரை இதே மாதிரி இடுக்குக்குள்ள வச்சுப் பார்த்தவ, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நீங்க சொன்ன தகவல்லயே ஒரு துப்பு இருக்கு. வெளியே வந்ததும் பாதிதான் மீளுதுன்னு சொன்னீங்க. மீளாத அந்தப் பாதி எங்கே போச்சு? 3 மைக்ரான் சானல்ல கரு நுழையத் திணறும், செல் அதிக நேரம் உள்ளே கிடக்கும். அவ்வளவு நேரமும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்கும். ஒய்எஃப்பி வெளிச்சத்துல வெளுக்கும். மஞ்சள் வெளுத்தா விகிதம் இறங்கும், வெளியே வந்தாலும் அது திரும்பாது. உங்க மீளாத பாதி வெறும் வெளுப்பா இருக்கலாம். ஒவ்வொரு செல்லுக்கும் சானல்ல இருந்த நேரத்தை ஒரு அச்சுலயும், மீளாத அளவை இன்னொரு அச்சுலயும் போட்டு ஒரு வரைபடம் வரையுங்க. ரெண்டும் சேர்ந்து ஏறினா சந்தேகம் உறுதி. ஃப்ரேம் இடைவெளியை இரட்டிப்பாக்கி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தா இன்னும் தெளிவா தெரியும்.

சரி, மீண்ட பாதி? அதுவும் பிகேஏ தான்னு உடனே சொல்ல முடியாது. முதல்ல அமிலத்தன்மையைச் சந்தேகப்படுங்க. பழைய மஞ்சள் வகையான ஈஒய்எஃப்பிக்கு பிகேஏ மதிப்பு, அதாவது அமிலப் பிரிகை மதிப்பு, 6.9 பக்கம். (இங்கே பிகேஏன்னு எழுதினா கைனேஸோட குழம்பும், இனிமே இதை அமில மதிப்புன்னே சொல்றேன்.) செல்லோட உள்பக்கம் 7.2ல இருந்து கொஞ்சம் கீழே நழுவினாலே மஞ்சள் மங்கும், நீலம் அவ்வளவா மங்காது. விகிதம் இறங்கும். செல் வெளியே வந்து புது மீடியம் பட்டதும் மறுபடி ஏறும். பார்க்க அச்சு அசலா சிக்னல் மாதிரியே இருக்கும். இடுக்குல இருக்கற செல்லைச் சுத்தி மீடியம் மாறுறது குறைவு. அதோட 2014ல செல் பத்திரிகையில இதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள், குறுகலான சானல்ல செல் நகர்றதுக்கு முன்பக்கத்துல தண்ணியும் அயனிகளும் உள்ளே வந்து பின்பக்கத்துல வெளியே போறதே ஒரு வழின்னு காட்டினாங்க. அதுல என்எச்இ-1னு ஒரு பம்ப் முக்கியம். அந்த பம்ப் சோடியத்தை உள்ளே விட்டு புரோட்டானை வெளியே தள்ளுறது. அதனால இடுக்குல செல்லுக்குள்ள அமிலத்தன்மை மாறவே மாறாதுன்னு நினைக்க எந்தக் காரணமும் இல்லை. உங்க சென்சார்ல எந்த மஞ்சள் இருக்குன்னு பிளாஸ்மிட் மேப்பை, அதாவது சென்சாரோட ஜீன் வரைபடத்தை, எடுத்துப் பாருங்க. வீனஸ் மாதிரி திருத்தப்பட்ட மஞ்சளா இருந்தா பயம் குறைவு.

அடுத்தது நெரிசல். செல் நசுங்கித் தண்ணியை இழந்தா உள்ளே புரதங்களோட அடர்த்தி ஏறும். தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ்ஸுல கையை நீட்டிக்கிட்டு நிக்க முடியாது, உடம்போட ஒட்டி மடக்கிக்கணும். நடுவுல வளையற கண்ணி வச்ச சென்சாரும் நெரிசல்ல அப்படித்தான் மடங்கும். கைனேஸ் ஒண்ணும் செய்யாமலே ஃப்ரெட் ஏறும். இதையே பயன்படுத்தி நெரிசலை அளக்கற ஃப்ரெட் சென்சார்களையே 2015ல செஞ்சிருக்காங்க. உங்களுக்கு விகிதம் இறங்குது, நெரிசல் ஏத்தற திசை. அதனால நெரிசல் உங்க முடிவைப் பொய்யாக்காது, ஆனா உண்மையான இறக்கத்தைக் குறைச்சுக் காட்டலாம். 10 மைக்ரான்ல எவ்வளவு, 6ல எவ்வளவு, 3ல எவ்வளவுன்னு அளவு சொல்லப் போறீங்கன்னா இது முக்கியம்.

ஃப்ரெட் சக்தி தாவறது தூரத்தோட ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்துல குறையும். ஃபோர்ஸ்டர் 1948ல எழுதின கணக்கு. சிஎஃப்பி-ஒய்எஃப்பி ஜோடிக்கு பாதித் திறன் வர்ற தூரம் கிட்டத்தட்ட 5 நானோமீட்டர். அந்த 5க்குப் பக்கத்துல அரை நானோமீட்டர் அசைஞ்சாலே விகிதம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஓடும். இந்தக் கூர்மைதான் சென்சாரோட பலம். எது அசைச்சதுன்னு அதால சொல்ல முடியாது.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே மருந்து: பாஸ்பேட் ஒட்ட முடியாத மாறுதல் சென்சார். ஏகார்ல பாஸ்பேட் ஏத்துக்கற திரியோனினை அலனினா மாத்தினது. 2001ல ஜின் ஜாங், ரோஜர் சியென் குழு ஏகாரை வெளியிட்ட காலத்துல இருந்தே இந்த மாதிரி கன்ட்ரோல் வழக்கத்துல இருக்கு. ஆனா பெரும்பாலானவங்க அதைத் தட்டையான டிஷ்ல வச்சு ஒரு தடவை காட்டிட்டு விட்டுடுவாங்க. உங்களுக்கு அது போதாது. அதே செல் வகை, அதே 3 மைக்ரான் சானல், அதே ஃப்ரேம் இடைவெளி, அதே வெளிச்ச அளவுல அந்தச் செத்த சென்சாரை ஓட்டணும். அதுவும் இறங்கினா நீங்க பார்த்தது பிகேஏ இல்லை. அது நேர்கோடா நின்னு, உங்க உயிருள்ள சென்சார் மட்டும் இறங்கினா, அப்போ தைரியமா எழுதுங்க. வெளுப்பு, அமிலம், சுவர் வளைக்கற வெளிச்சம், ரெண்டு கேமராவோட சின்ன விலகல் எல்லாமே இந்த ஒரு சோதனையில அடிபட்டுப் போகும்.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கு. செத்த சென்சார் எப்பவும் மடங்காத நிலையிலேயே நிக்கும். மடங்கின நிலையை இடுக்கு என்ன செய்யுதுன்னு அது சொல்லாது. அதுக்கு சானல்ல செல் இருக்கும்போதே, பிகேஏவை எழுப்பற சைக்ளிக் ஏஎம்பிங்கற மூலக்கூறை ஏத்தற ஃபார்ஸ்கோலினும், அது உடையாம தடுக்கற ஐபிஎம்எக்ஸும் கொடுத்து விகிதத்தை உச்சத்துக்கு ஏத்திப் பாருங்க. 3 மைக்ரான்லயும் 50 மைக்ரான்லயும் உச்சம் ஒண்ணா வருதா? வந்தா நல்லது. வரலைன்னா அந்த வித்தியாசத்தைக் கணக்குல கழிக்கணும். இதுல கவனிக்க வேண்டியது, ஃபார்ஸ்கோலின் மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கும். நீங்க ஊத்தின அளவு செல்லுக்குப் போய்ச் சேரும்னு நினைக்காதீங்க. முன்னாடியே அதே கரைசலை ஓட விட்டு சுவரை நிரப்பிட்டு அப்புறம் செல்லை ஏத்துங்க.

(ஃபார்ஸ்கோலின் எங்கிருந்து வருதுன்னு தெரியுமா? சேலம் பக்கம் ஒப்பந்த முறையில பயிர் பண்ற மருந்துக் கூர்க்கன் கிழங்குல இருந்து. 1970கள்ல இந்தியாவுல நடந்த மூலிகை ஆய்வுல கண்டெடுத்த பொருள் அது. இன்னைக்கு உலகத்துல சைக்ளிக் ஏஎம்பியைத் தொடற எந்த லேபுக்குப் போனாலும் ஃப்ரீசர்ல ஒரு குப்பி இருக்கும். அதைக் கையில எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.)

விகிதத்தோட கீழ் எல்லையைக் காட்ட எச்-89ங்கற பிகேஏ தடுப்பானைப் போடலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அது பிகேஏவை மட்டும் தடுக்காது, ராக் கைனேஸையும் தடுக்கும். ராக்கைத் தடுத்தா செல்லை இறுக்கற மோட்டார் புரதமான மயோசின் தளரும், செல் நகர்ற விதமே மாறும். இடுக்குல நகர்றதைப் பத்தின ஆய்வுல அதை வச்சு எதுவும் நிரூபிக்க முடியாது. பிகேஏவைத் தடுக்கற பிகேஐ பெப்டைடை ஜீனா உள்ளே கொடுங்க, அது குறி தப்பாது.

இப்போ பியேசோ-1. 2010ல பட்டபூட்டியன் லேப் கண்டுபிடிச்சு 2021ல நோபல் வாங்கின அதே சானல். 2016 பேப்பரோட கதை இது: இடுக்குல சவ்வு இழுபடும், பியேசோ-1 திறக்கும், கால்சியம் உள்ளே வரும், கால்சியம் பிடிஇ-1ங்கற நொதியை எழுப்பும், அது சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும், பிகேஏ அடங்கும். ஆனா அந்தப் பேப்பர்ல பலர் தாண்டிப் போற ஒரு விஷயம் இருக்கு. பியேசோ-1ஐ மட்டும் தடுத்தாலும் சரி, மயோசின்-2ஐ மட்டும் தடுத்தாலும் சரி, செல் இடுக்கை உணர்றது நிக்கலை. ரெண்டையும் சேர்த்துத் தடுத்தாதான் அகலமான சானலுக்கும் குறுகலான சானலுக்கும் பிகேஏவுல இருந்த வித்தியாசம் மறைஞ்சது. அதனால நீங்க சிலந்தி நஞ்சான ஜிஎஸ்எம்டிஎக்ஸ்-4 மட்டும் போட்டுப் பார்த்துட்டு "மாத்தமில்லை, என் செல்லுல பியேசோவுக்குப் பங்கே இல்லை"ன்னு முடிவு கட்டிடாதீங்க. ரெண்டு கதவு இருக்கு, ஒண்ணை அடைச்சா செல் இன்னொண்ணு வழியா உணரும்.

மயோசினைத் தடுக்க எல்லாரும் பிளெபிஸ்டாட்டினைத்தான் எடுப்பாங்க. நீங்க எடுக்கக் கூடாது. அது நீல வெளிச்சத்துல சிதைஞ்சு செல்லுக்கு நஞ்சாகும், தானும் ஒளிரும். நீங்க சிஎஃப்பிக்குக் கொடுக்கறதே 440 நானோமீட்டர் பக்கத்து நீலம். பாரா-நைட்ரோ பிளெபிஸ்டாட்டின்னு வெளிச்சத்துக்கு அசையாத வகை இருக்கு, அதை வாங்குங்க.

இன்னும் ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. நீங்க அளக்கறது உள்ளே நுழைஞ்ச செல்களை மட்டும்தான். வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனதெல்லாம் உங்க கணக்குல இல்லை. பிகேஏ ஏற்கெனவே குறைவா இருக்கற செல்தான் 3 மைக்ரான்ல துணிஞ்சு நுழையுதுன்னா? அப்போ இடுக்கு எதையும் மாத்தலை, வடிகட்டியிருக்கு, அவ்வளவுதான். ஒரே செல்லை நுழையறதுக்கு முன்னாடி, உள்ளே, வெளியே வந்தபிறகுன்னு தொடர்ந்து காட்டினா இந்தக் கேள்வி எழாது. உங்ககிட்ட அந்தத் தொடர் படம் இருக்குன்னு தெரியுது. அதையே முதல் படமா வைங்க, சராசரி பட்டை வரைபடத்தை வைக்காதீங்க. முடிஞ்சா மேலிருந்து அழுத்தற முறையையும் சேர்த்துக்குங்க. பாரிஸ்ல பியெல் லேப்ல செஞ்சது, குட்டிக் குட்டித் தூண் வச்ச தட்டை மேலே இறக்கினா எல்லாச் செல்லும் ஒரே நேரத்துல ஒரே உயரத்துக்கு நசுங்கும். நுழையலாமா வேண்டாமான்னு செல்லுக்கு அங்கே தேர்வு கிடையாது.


கிணற்றுமேடு எழுதியது:

மன்னிக்கணும், நான் இந்தத் துறை ஆள் இல்லை. கூகுள்ல தேடும்போது இந்தப் பக்கம் வந்துச்சு. எங்க அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி. மேமோகிராம் எடுத்தாச்சு. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வீட்டுல பெரியவங்க, ஊசியோ கத்தியோ பட்டா பரவிடும், வேண்டாம்கறாங்க. இங்கே நீங்க, நசுங்கினா செல்லோட குணமே மாறுதுன்னு எழுதியிருக்கீங்க. மேமோகிராம்ல தட்டு வச்சு நல்லா அழுத்தினாங்களே, அதுல ஏதாவது ஆயிருக்குமா? ராத்திரி தூக்கம் இல்லை. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.


வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

கிணற்றுமேடு, நான் அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: அம்மாவை ஊசிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

மேமோகிராம் அழுத்தம் சில நொடிகள்தான். அதனால் புற்றுநோய் பரவியதற்கு ஆதாரம் இல்லை. மேலே இவர்கள் பேசுவது ஒரு செல், தன் கருவை விடக் குறுகலான ஒரு வழியில் தானாகவே ஊர்ந்து போகும் நிலை. அந்த இடுக்குகள் உடம்புக்குள் ஏற்கெனவே உள்ளவை: தசை நார்களுக்கு நடுவில், நரம்பின் ஓரத்தில், கொலாஜன் இழைகளுக்கு இடையில். அம்மா மேமோகிராமுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கும். அழுத்தமும் அப்படித்தான். கட்டி வளர வளரத் தன்னைத் தானே நெருக்கிக் கொள்கிறது. 1997இல் ஜெயின் குழு செல் உருண்டைகளை அகரோஸ் ஜெல்லில் வளர்த்தபோது, அவை 45 முதல் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை உருவான பிறகுதான் வளர்ச்சி நின்றது. நுண் ரத்தக்குழாயை நசுக்க அது தாராளமாகப் போதும். கட்டிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக் கொள்வது மிக அரிது. மார்பகத்தில் அப்படியே ஒட்டினாலும் பின்னால் வரும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் பார்த்துக் கொள்ளும். ஊசி எடுக்காவிட்டால் அது புற்றுநோயா என்பதே உறுதியாகாது. புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவெடுக்க முடியும். எடுக்கும் கட்டிகளில் பல சாதாரணக் கட்டிகளாகவே முடிகின்றன என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். "கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சு எப்படி வேரூன்றியது என்றால், முற்றிய பிறகு வந்தவர்களுக்குக் கத்தி வைத்தும் பலன் இல்லாமல் போனதைச் சனங்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கொன்றது தாமதம். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் அவர்களையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். நேரில் கேட்டால் மனம் மாறுவார்கள்.


கிணற்றுமேடு எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். பெரியப்பாவுக்கு இதை அப்படியே படிச்சுக் காட்டறேன். நாளைக்கே போறோம்.


பெட்ரித்தட்டு எழுதியது:

கிணற்றுமேடு, அம்மாவுக்கு நல்லபடியா வரணும்.

அக்கா, இவ்வளவு எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. பிளாஸ்மிட் மேப்பைப் பார்த்தேன், எங்ககிட்ட இருக்கறது வீனஸ் இல்லை, பழைய ஈஒய்எஃப்பிதான். ஏற்கெனவே எடுத்த படங்கள்ல சானல்ல இருந்த நேரத்தையும் மீளாத அளவையும் சேர்த்து வரைஞ்சு பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டும் சேர்ந்து ஏறுது. கைடுகிட்ட அந்த வரைபடத்தைக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு, சரி, செத்த சென்சாரை கிளோன் பண்ணுன்னுட்டார்.

இன்னொரு கேள்வி. பக்கத்து லேப்ல ஈஆர்கே-கேடிஆர் போட்ட செல் இருக்கு. அதுல ஃப்ரெட்டே கிடையாது. ஈஆர்கே கைனேஸ் வேலை செஞ்சா அந்தப் புரதம் கருவை விட்டு வெளியே வரும், வேலை செய்யலைன்னா கருவுக்குள்ள இருக்கும். வெளியே/உள்ளே ஒளியை வகுத்தா போதும். வெளுப்பும் அமிலமும் ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாத்தானே பாதிக்கும்? பேசாம அதுக்கு மாறிடலாமான்னு தோணுது.


பழைய_ஆய்வுக்காரி எழுதியது:

மாறாதீங்க. குறைஞ்சபட்சம் 3 மைக்ரான் சானலுக்கு அதை நம்பி இறங்காதீங்க.

கேடிஆர் அழகான கருவிதான், 2014ல ஸ்டான்ஃபோர்ட்ல செஞ்சாங்க. தட்டையான டிஷ்ல அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனா அது முழுக்க முழுக்க கருச்சவ்வு ஓட்டையில்லாம இருக்குங்கற நம்பிக்கை மேல நிக்குது. 2016ல சயன்ஸ் பத்திரிகையில ரெண்டு குழு, கார்னெல்ல லாமர்டிங் ஆட்களும் பாரிஸ்ல பியெல் ஆட்களும், குறுகலான வழியில போகும்போது புற்றுநோய் செல்லோட கருச்சவ்வு கிழியுதுன்னு காட்டினாங்க. எஸ்கார்ட்-3 புரதங்கள் வந்து தைச்சு மூடற வரைக்கும் உள்ளே இருக்கறது வெளியே கசியும், வெளியே இருக்கறது உள்ளே போகும், டிஎன்ஏவும் சேதமாகும். வழி எவ்வளவு குறுகலோ அவ்வளவு அடிக்கடி கிழியும். அந்த நேரத்துல கேடிஆர் கருவுக்கு வெளியே வந்தா, அது ஈஆர்கே அனுப்பினதா, கிழிசல் வழியா ஒழுகினதா? படத்தைப் பார்த்து நீங்க சொல்ல முடியாது. அகலமான சானல்ல கிழிசலே இருக்காது, குறுகல்ல இருக்கும். அதனால பிழையும் உங்க கேள்வியோட திசையிலேயே போய் விழும். அது ஆபத்து.

பயன்படுத்தியே ஆகணும்னா, கருவுக்குள்ள தங்கற சிவப்பு ஒளிர்புரதம் ஒண்ணையும் கூடவே போடுங்க. சிவப்பு வெளியே கசிஞ்ச ஃப்ரேம் எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க. கசிவு அடங்கி சிவப்பு மறுபடி உள்ளே சேர்ந்தபிறகு மட்டும் அளங்க. இந்த சிவப்பை ஏகார் செல்லுலயும் போட்டு வைக்கறது நல்லது. விகிதம் இறங்கற நேரமும் கரு கிழியற நேரமும் ஒண்ணா வருதான்னு பார்க்கலாம். கரு நுழையும்போது இன்னும் இறங்குதுன்னு நீங்க எழுதினது என் மனசுல அப்படியே இருக்கு.

ஏன்னா கருவே ஒரு உணர்கருவின்னு 2020ல ரெண்டு பேப்பர் சயன்ஸ்ல சேர்ந்து வந்துச்சு. செல்லை கருவோட உயரத்துக்கும் கீழே அழுத்தினா, கருச்சவ்வுல இருந்த மடிப்பெல்லாம் பிரிஞ்சு இழுபடும். அப்போ சிபிஎல்ஏ-2ங்கற நொதி சவ்வுல வந்து ஒட்டி அராக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும், மயோசின் இறுகும், செல் அந்த இடத்தை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும். அப்படின்னா உங்க 3 மைக்ரான்ல ரெண்டு கட்டம் இருக்கலாம். செல் தலை நுழையும்போது வெளிச்சவ்வு இழுபட்டு பியேசோ வழியா ஒண்ணு, கரு நுழையும்போது கருச்சவ்வு வழியா இன்னொண்ணு. உங்க இறக்கம் ஒரே சரிவா வருதா, நடுவுல ஒரு படி இருக்கான்னு பாருங்க. படி இருந்து, செத்த சென்சார்ல அந்தப் படி இல்லைன்னா, உங்ககிட்ட இருக்கறது "சேம் ரிசல்ட்" இல்லை. யாரும் இதுவரை பிரிச்சுக் காட்டாத ஒண்ணா இருக்கலாம்.

அச்சுவேலை சொன்ன ஆஸ்மோமீட்டர் வேலையை மறக்காதீங்க. சுருங்கின செல்லுல கருச்சவ்வு இன்னும் மடிஞ்சு கிடக்கும், அப்போ கருவோட உணர்வே மந்தமாகும். அது மாறாம இருந்தாத்தான் மேலே சொன்ன எதுக்கும் அர்த்தம்.


அச்சுவேலை எழுதியது:

நடுவுல படி இருக்கான்னு பார்க்கணும்னா நேரான சானலை விட, அகலமா ஆரம்பிச்சு நடுவுல மட்டும் 3 மைக்ரானா ஒடுங்கற வடிவம் வசதி. தலை நுழையற நேரமும் கரு நுழையற நேரமும் தனித்தனியா விழும். ஒடுங்கற இடத்தோட நீளத்தை 10, 30 மைக்ரான்னு மாத்தி ஒரே மாஸ்க்ல வச்சுக்கலாம். அளவுகளை இங்கே போடுங்க, வரைஞ்சு கொடுக்கறேன்.


பெட்ரித்தட்டு எழுதியது:

அண்ணா, கண்டிப்பா. நுழைவாய் 20 மைக்ரான், ஒடுக்கம் 3, உயரம் 10. ஒடுக்கத்தோட நீளம் நீங்க சொன்ன ரெண்டும் வேணும். ஒவ்வொரு டிவைஸ்லயும் ஒடுக்கமே இல்லாத நேர் சானல் ஒரு வரிசையும் இருக்கட்டும். செத்த சென்சார் செல்லும் உயிருள்ள சென்சார் செல்லும் ஒரே கண்ணாடித் தட்டுல பக்கத்துப் பக்கத்துல ஓடணும், அதனால செல் ஏத்தற குழி ரெண்டு தனித்தனியா வேணும். நடுவுல கசியாம இருக்க எவ்வளவு இடைவெளி விடணும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க.